தண்டவாளம் போன பின்னும் நிற்கும் பாலங்கள்

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 இரவு வரை அது மலேசிய ரயிலின் பாதை. அன்றைய கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். அடுத்த சில மாதங்களில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். அந்தத் தடத்தில் வடக்கிலிருந்து தெற்காக நடந்தேன்.

வடபாதி 1903-இல் போட்ட பழைய பாதை. கிராஞ்சி, மண்டாய், சுவா சூ காங் ஆகிய இடங்களில் ரயில் சாலையைத் தரையிலேயே குறுக்கே கடந்தது. கேட்டை அடைத்தால் லாரியும் பஸ்ஸும் காத்து நிற்க வேண்டியிருந்தது.

புக்கிட் பாஞ்சாங்கைத் தாண்டியதும் பாதையின் குணமே மாறிவிடுகிறது. பழைய தடம் டாங்க் ரோடு நிலையத்துக்குப் போகும் வழியில் நகரச் சாலைகளை மறித்துக்கொண்டிருந்தது. அதனால் 1932-இல் தடத்தைத் தஞ்சோங் பகார் பக்கம் திருப்பினார்கள். மேட்டில் ஏற்றி, சாலைகளுக்கு மேலே பாலங்கள் போட்டார்கள். அவற்றில் இரண்டு, முக்கோணம் முக்கோணமாக இரும்பைக் கோத்து ரிவிட் அடித்தவை. ஒன்று அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே. இன்னொன்று இரண்டு சாலைகளையும் நடுவே ஓடும் கால்வாயையும் ஒரே எட்டில் தாண்டுகிறது. அதன் நடுவில் வெகுநேரம் நின்றேன். கீழே வண்டிகள் ஓயவில்லை. மேலே காற்று மட்டும்.

இந்தப் பாலங்கள் பழைய இரும்பு விலைக்குப் போகாமல் நிற்பது தற்செயல் அல்ல. பாதை முழுவதையும் பசுமைத் தடமாகக் காக்க வேண்டும் என்று இயற்கைச் சங்கம் 2010-இலேயே கேட்டது. மக்களும் சேர்ந்து கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பாலத்தை விட்டு இறங்கினால் புக்கிட் தீமா நிலையம். சின்னச் செங்கல் கட்டடம். ஒற்றைத் தடம் என்பதால் எதிரெதிர் வண்டிகள் இங்கேதான் விலகிக்கொண்டன. வளையத்தில் கட்டிய டோக்கன் கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த பகுதிக்குள் நுழைய முடிந்தது.

குவீன்ஸ்டவுன் பக்கம் வந்தபோது எனக்கு நடை தளர்ந்தது. களைப்பால் அல்ல. 1932-இல் ரயில்வேத் தொழிலாளர்கள் இங்கே முனியாண்டிக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் அதன் வளர்ச்சிதான். ஜல்லி கொட்டியும் கட்டை மாற்றியும் உழைத்த நம்மவர்கள் இந்த வழி நெடுக விட்டுப்போன அடையாளங்களில் என் கண்ணில் பட்டது இது ஒன்றே.

தஞ்சோங் பகார் நிலைய முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள்: விவசாயம், தொழில், வணிகம், போக்குவரத்து. செதுக்கியவர் ஆஞ்செலோ வன்னெட்டி. அவர் பெயர் பதிவில் இருக்கிறது. ஜல்லி கொட்டியவர் பெயர் எங்கே? உங்கள் வீட்டில் ரயில்வே வேலை பார்த்த தாத்தாவின் படம் இருந்தால், பெயரையும் ஊரையும் பார்த்த வேலையையும் அதன் பின்புறம் இன்றே எழுதி வையுங்கள்.