காட்டுப்புகையிலை



பழைய மாணவி ஒருத்தி நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். "டீச்சர், இது நம்ம கோத்தகிரி பள்ளிக்கூடத்துக்கு மேல நின்ன செடிதானே? இதோட இலையைக் காய வெச்சு புகை பிடிச்சா வீசிங் போயிடுமாம். பையனுக்குக் குடுக்கலாமா?"

வேண்டாம் என்று உடனே போன் செய்து சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் அந்தப் படம் வந்திருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அதே செடிதான். ஆளுயரத்துக்கு மேல் வளரும். உச்சியில் வெள்ளைப் பூக்கதிர், ஒடித்தால் பால், தண்டுக்குள் வெற்றிடம். பையன்கள் அதில் பீப்பி செய்து ஊதுவார்கள். லோபீலியா நிக்கோட்டியானிஃபோலியா என்பது அறிவியல் பெயர். புகையிலை போன்ற இலை உடையது என்று பொருள். இலைதான் அப்படி, குடும்பம் வேறு. நிஜப் புகையிலை நம் கத்தரிக்காய்க்குச் சொந்தம்!

இழுப்புக்கு இதன் இலையையும் தேள்கடிக்கு வேரையும் மலையில் பயன்படுத்தியது உண்மை. இதிலுள்ள லோபெலின், உடம்பில் நிக்கோட்டின் வேலை செய்யும் இடத்திலேயே வேலை செய்கிறது, மூச்சைத் தூண்டும். அளவு கொஞ்சம் கூடினால் வாந்தி, வலிப்பு, உயிருக்கே ஆபத்து. ஓர் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று அடுப்படியில் யார் அளப்பது? இதன் அமெரிக்க உறவுச்செடியைக் கொடுத்து நோயாளியைக் கொன்றதாக, சாமுவேல் தாம்சன் என்ற நாட்டு வைத்தியர் மீது 1809இல் கொலைவழக்கே நடந்தது. விடுதலையானார் என்பது வேறு விஷயம்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூ முடிந்து காய்ந்து நின்ற ஒரு செடியை ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டுபோய், விதையைக் காட்ட உதறினேன். வகுப்பு முழுக்கத் தும்மல், இருமல். ஏற்கெனவே இழுப்பு இருந்த ஒரு பையனுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான்.

ஓடிவந்த அவன் அம்மா, "ஆடுகூட வாய் வைக்காத செடியாச்சே, யார் டீச்சர் உள்ளே கொண்டுவந்தது?" என்று கேட்டார். பையன்கள் பறித்து வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பையன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. நான் எழுதுவதையெல்லாம் படிக்கிறான். தம்பி, கொண்டுவந்தது நான்தான். அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும். அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து ஒரு போன் போடு. அதே பழைய நம்பர்தான்.