மாடியில் நின்ற இரும்பு

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நான்கு ஆண்டுகள் ஓர் இரும்புச் சட்டகம் நின்றிருந்தது. கோடம்பாக்கத்தில் ஆற்காடு சாலையைப் பார்த்த வீடு. 2004ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு விளம்பர நிறுவனத்திலிருந்து இருவர் வந்தார்கள். மாடியில் விளம்பரப் பலகை வைத்துக்கொள்ள மாதம் 6,000 ரூபாய் வாடகை தருவதாகச் சொன்னார்கள். ஓய்வுபெறும் தறுவாயிலிருந்த அப்பாவுக்கு அது சிறிய தொகை அல்ல. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த என்னிடம் கொடுத்து, "படிச்சுச் சொல்லுடா" என்றார். ஏழு பக்கங்களையும் அரைமணி நேரத்தில் படித்துவிட்டு, "தப்பா ஒண்ணும் இல்லப்பா" என்றேன். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நான்காம் ஷரத்தின்படி, மாடியிலும் வெளிச்சுவர்களிலும் விளம்பரம் செய்யும் உரிமை ஐந்தாண்டுகளுக்கு அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. பதினோராம் ஷரத்தின்படி, பலகையில் விளம்பரம் இருக்கும் மாதங்களுக்கு மட்டுமே வாடகை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமானவை. செலவு செய்து இரும்பு நிறுத்துகிறவர், பக்கத்திலேயே போட்டியாளரின் பலகை வரக்கூடாது என்று கேட்பதில் தவறில்லை. வருமானம் இல்லாத மாதத்துக்கு வாடகை தர இயலாது என்பதும் வியாபாரம்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும்: அவர்கள் காசு தராத மாதங்களிலும் அப்பா வேறு எவருக்கும் இடம் தரமுடியாது. நான் சேர்த்துப் படிக்கவில்லை.

2005 தீபாவளிக்கு ஒரு பட்டுப்புடவைக் கடையின் விளம்பரம் ஏறியது. 2006 ஜனவரி இறுதியில் அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் எதுவும் ஏறவில்லை, வாடகையும் நின்றது. வெற்றுச் சட்டகம் மழையில் துருவேறி, அதன் கால் பதிந்த இடங்களில் தளம் ஒழுக ஆரம்பித்தது. தெருமுனையில் கணினிப் பயிற்சி நிலையம் நடத்தியவர், பக்கச் சுவரில் ஒரு பலகை மாட்டிக்கொண்டு மாதம் ஆயிரம் தருகிறேன் என்று கேட்டார். "எழுதிக் குடுத்தாச்சு சார்" என்று அப்பா மறுத்துவிட்டார். "அவங்க வாடகையே தரலையேப்பா" என்று நான் கத்தினேன். "அவங்க தரலைன்னா நான் சொன்ன சொல் மாறிடுமா?" என்றார்.

2008இல், விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தும் தமிழக அரசின் சட்டமும் விதிகளும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையில் உரிமம் பெறாத பலகைகள் அகற்றப்பட்டன. எங்கள் மாடியிலிருந்ததற்கு உரிமமே வாங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மார்ச் மாதக் கடைசியில் நிறுவனத்தினரே வந்து வெட்டி எடுத்துப் போனார்கள். 26 மாத பாக்கியைக் கேட்டு அப்பா கடிதம் எழுதினார். விளம்பரம் இல்லை, ஆகவே வாடகையும் இல்லை என்று, பதினோராம் ஷரத்தைக் காட்டிப் பதில் வந்தது.

நாங்கள் போய்ப் பார்த்த வக்கீல் அம்மா முதலில் கேட்டது, "ரிஜிஸ்டர் பண்ணீங்களா?" என்பதுதான். பண்ணவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும்; செய்யாவிட்டால் அதன் ஷரத்துகளை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது; அதை மாதவாடகை ஏற்பாடாகவே கொள்வார்கள்; பதினைந்து நாள் நோட்டீஸில் அதை முடித்திருக்கலாம் என்றார்.

இது குத்தகைதானா, வெறும் அனுமதியா என்று எதிர்த்தரப்பு கேட்குமே என்றேன். அவர் 1959ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்றைச் சொன்னார். தில்லி இம்பீரியல் ஹோட்டலில் இரண்டு அறைகளை எடுத்து முடிதிருத்தகம் நடத்தியவரின் வழக்கு அது. பத்திரத்தில் உரிமம் என்று எழுதியிருந்தும், நடைமுறையில் அது குத்தகையே என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். இடம் ஒருவரின் தனி அனுபோகத்தில் இருந்ததா என்பது அதில் முக்கியமான அடையாளம். "அவங்களுக்கு மட்டும்னு அவங்களே எழுதியிருக்காங்களே, அது நமக்குச் சாதகம்தான். இடத்தைப் பிடிச்சு வச்சிருந்ததுக்கு நியாயமான தொகை கேட்கலாம்" என்றார்.

நோட்டீஸ் போனது. ஏழெட்டு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் பத்து மாத வாடகையாக 60,000 ரூபாய் தந்தார்கள். வழக்கு வேண்டாம் என்று அப்பா கையெழுத்திட்டார். அதில் பெரும்பகுதி தளத்தைச் செப்பனிடவே போயிற்று.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது இப்படி ஓர் ஒப்பந்தத்தைக் காட்டினால் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். அவர்கள் பணம் தராத மாதத்தில் என் கை கட்டப்பட்டிருக்குமா? தனியுரிமைக்கென்று, விளம்பரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தரவேண்டிய குறைந்தபட்ச வாடகை எழுதப்பட்டிருக்கிறதா?

வக்கீல் வீட்டிலிருந்து திரும்பும்போது பேருந்தில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நாள் நோட்டீஸில் முடிந்திருக்கும் என்பதையே இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். "நீதானேடா படிச்சுச் சொன்னே" என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அதன் பிறகு வீட்டுக்கு வந்த ஆங்கிலக் காகிதங்களையும் எப்போதும்போல் என்னிடமே கொடுத்தார்.