துருவ ரேகையில் ஒரு சதுரங்கத் தீவு

ஐஸ்லாந்தின் வட கரைக்கு அப்பால் சுமார் 25 மைல் தூரத்தில் இருக்கிறது கிரிம்ஸே தீவு. டால்விக் துறையிலிருந்து கப்பலில் மூன்று மணி நேரப் பிரயாணம். நாங்கள் சென்ற ஜூன் மாதத்தில் நள்ளிரவிலும் சூரியன் அஸ்தமிக்கவில்லை. மருந்துக்கும் மரமில்லாத புல்வெளி. அதன் ஓரத்துச் செங்குத்துப் பாறைகளில் எண்ணிலடங்காத கடற்பறவைகள்! ஏப்ரலில் வந்து ஆகஸ்டில் கடலுக்கே திரும்பும் பஃபின், மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. அதன் வர்ண அலகு கண்ணைக் கவரும். ஆர்க்டிக் ஆலாவோ, கூட்டருகே செல்வோரின் தலையில் கொத்தவும் தயங்காது.

மீன் பிடித்து வாழும் இத்தீவினர் சதுரங்கப் பிரியர்கள் என்று கேள்வியுற்ற அமெரிக்க அறிஞர் வில்லார்ட் ஃபிஸ்க், இங்கே கால் வைக்காமலே சதுரங்கப் பலகைகளும் புத்தகங்களும் அனுப்பினார்; 1904-ல் காலமானபோது 12,000 டாலரும் எழுதி வைத்தார். அவர் பிறந்த நவம்பர் 11 இன்றும் தீவின் திருநாள்.

கடலில் மிதந்து வந்த மரங்களால் 1867-ல் கட்டிய தேவாலயம் 2021-ல் தீக்கிரையாயிற்று. தீவில் எஞ்சியவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ஆயினும் புதிய ஆலயம் எழுப்ப முனைந்தார்கள். துருவ ரேகையோ ஆண்டுக்குச் சுமார் 48 அடி வடக்கே நகர்கிறது. இந்நூற்றாண்டின் நடுவில் தீவை விட்டே நீங்கிவிடும். ரேகை போனால் போகட்டும். ஜனங்கள் நிலைத்திருக்க வேண்டுமே!