ஆயிரத்து அறுபது ரூபா



போன கிழமை ஒரு கலியாண வீட்டில் ஒரு தம்பி, 2022இல் பெற்றோல் வாங்கி விற்று மோட்டார் சைக்கிள் எடுத்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். இருந்தவர்களும் சிரித்தார்கள். "அது யாவாரம்தானே, களவா எடுத்த?" என்று ஒருவர் கேட்டார். எங்களால் சிரிக்கவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. அந்த யாவாரத்தை நாங்களும் ஒரு தடவை செய்திருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 26இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. அடுத்த நாளே, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. செட்டுக்கு முன்னால் இரவு பகலாக வரிசை. அதே பெற்றோல் பின் வளவுகளில் போத்தலில் 2000 ரூபாவுக்குக் கிடைத்தது.

வீட்டில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். எங்கள் பக்கம் ஆசிரியர்களுக்கென்று பெயர்ப் பட்டியல் போட்டு ஒரு நாள் பெற்றோல் கொடுத்தார்கள். இரண்டு மோட்டார் சைக்கிளுக்கும் கிடைத்தது. பாடசாலை நடக்கிற தூரம்தான். அன்று மஃரிபுக்குப் பிறகு பக்கத்து வீதியில் இருக்கும் ஒரு மீனவச் சகோதரர் வந்தார். உம்மாவை மட்டக்களப்புக்குக் கிளினிக் கொண்டு போக வேண்டும், இரண்டு லீற்றர் இருந்தால் தாங்க சேர் என்றார். கொடுத்தோம். லீற்றர் ஆயிரம்படி எடுத்தோம். "வெளியில இரண்டாயிரம், நாங்க பாதிக்குத்தானே கொடுக்கிறோம்" என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். 940 ரூபாப் பொருளுக்கு 2000 ரூபா. இலாபம் 1060.

அவர் துஆ செய்துவிட்டுப் போனார். அந்த துஆதான் இன்று வரை எங்களைக் குத்துகிறது.

இதைப் பற்றிப் பேசினால் நம்மவர்கள் சில நியாயங்கள் சொல்வார்கள். எல்லாம் வெறும் சாட்டு என்று தள்ளிவிட முடியாது.

ஒன்று, விலையை ஏற்றுபவன் இறக்குபவன் அல்லாஹ்தான் என்பது. மதீனாவில் விலை ஏறியபோது மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் விலை நிர்ணயிக்கச் சொன்னதும், அவர்கள் மறுத்ததும் ஹதீஸில் உண்டு. ஆனால் அங்கே பொருள் குறைந்து விலை தானாக ஏறியது. யாரும் பொருளை மறைத்து வைக்கவில்லை. மக்களுக்குத் தேவையான பொருளை வைத்துக்கொண்டு விற்காமல் இருப்பவனை நியாய விலைக்கு விற்கச் செய்யலாம் என்று இமாம் இப்னு தைமிய்யா பிரித்துக் காட்டியிருக்கிறார். பதுக்குபவன் பாவி என்ற கருத்திலான ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமிலேயே இருக்கிறது.

இரண்டாவது, நமது ஷாஃபிஈ மத்ஹபில் அந்தத் தடை உணவுப் பொருளுக்குத்தான், பெற்றோல் உணவா என்பது. படித்தவர்கள் கேட்கிற கேள்வி. ஆனால் மக்களுக்குத் துன்பம் வராமல் தடுப்பதே அந்தத் தடையின் நோக்கம் என்று நமது மத்ஹபின் இமாம் நவவீ எழுதியிருக்கிறார். ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ யூஸுஃப், எதைத் தடுத்து வைத்தால் மக்களுக்குத் தீங்கு வருமோ அதெல்லாம் பதுக்கல்தான் என்றார். மீன்பிடித் தோணிக்கு எண்ணெய் இல்லாவிட்டால், நோயாளிக்கு வண்டி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த வருடம் நாம் கண்ணால் பார்த்தோம்.

மூன்றாவதுதான் கனமானது. "இரண்டு இரவு ரோட்டில் படுத்தேன், அந்தக் கூலி இல்லையா?" என்பது. கூலி வேலை இல்லாமல் போன பிள்ளைகள் பலர் அப்படித்தான் சோறு தின்றார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. ஒருவருக்காக வரிசையில் நின்று, பேசிய கூலியை வாங்குவது வேறு. ஆனால் செட்டுக்கு வந்த பவுசரில் இருந்தது ஓர் அளவுதான். விற்பதற்கென்று ஒருவர் நான்கு தரம் அடித்தால், வரிசையின் கடைசியில் நின்ற நான்கு பேர் வெறும் டாங்கியோடு வீடு போனார்கள். அவர் விற்றது அவர்களுடைய முறையை.

தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் முதலாளி, லொறிக் கூலி ஏறினால் விலையை ஏற்றத்தான் வேண்டும். அவர் ஏற்றுவதால் ஊருக்கு மரக்கறி வருகிறது. பெற்றோல் அப்படியல்ல. நாட்டில் டொலர் இல்லாததால் கப்பல் வரவில்லை. போத்தலை 2000க்கு விற்றதால் துறைமுகத்துக்கு ஒரு துளி கூடுதலாக வரவில்லை. இருந்ததையே காசுள்ளவன் பக்கம் திருப்பிவிட்டோம், அவ்வளவுதான். பிறகு கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று பங்கு வைத்தார்கள். கொஞ்சம்தான். ஆனாலும் தன் பங்கு தனக்குக் கிடைக்கும் என்று தெரிந்ததும் மக்களின் பயம் குறைந்தது, வரிசையும் குறைந்தது.

எங்கள் விஷயத்தில் இரண்டு இரவு படுத்த கூலி கூட இல்லை. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகட்டும் என்று மற்றவர்களைக் காத்திருக்க வைத்துத் தந்த பெற்றோல் அது.

இந்த றமழானில் 1060 ரூபாவை ஓர் உறையில் போட்டு அவர் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "இப்ப என்னத்துக்கு சேர் அதெல்லாம்? அண்டைக்கி நீங்க தந்ததே பெரிய உதவி" என்றார். உம்மா இப்போது இல்லை. கடைசியில், உம்மாவின் பெயரில் ஸதகா கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். நெருக்கடியில் இருப்பவர் நன்றி சொன்னார் என்பதற்காக நாம் எடுத்த விலை நியாயமாகிவிடாது என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

ஃபத்வா கொடுக்க நாங்கள் ஆலிம்கள் அல்ல. இப்படி உழைத்த காசு யாரிடமாவது இருந்தால் உலமாக்களிடம் கேளுங்கள். ஆளைத் தெரிந்தால் போய்ப் பேசுங்கள். எங்கள் ஊருக்கு வெள்ளம் வருவதும், பொருள் தட்டுப்படுவதும் புதிதல்ல, மீண்டும் வரும். அப்போது கையில் கூடுதலாக இருப்பதை வாங்கிய விலைக்கே கொடுப்போம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் நோயாளிகள், கர்ப்பிணிகள் உள்ள வீடுகளின் பட்டியல் ஒன்றை இப்போதே எடுத்து வைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

அடுத்த கலியாண வீட்டில் அந்தத் தம்பியைக் கண்டால் இந்தக் கதையைச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ். அவரைக் குறை சொல்வதற்காக அல்ல. அவர் பெரிதாகச் செய்ததை நாங்கள் சிறிதாகச் செய்தோம்.

யா அல்லாஹ், எங்கள் ரிஸ்கை ஹலாலாக்கி, அதில் பரகத் செய்வாயாக. ஆமீன்.