இறக்கம்

கொடைக்கானலில் பனி என்றால், டிசம்பர் ஜனவரி விடியற்காலையில் புல்மேல் உப்புத் தூவினாற்போல் படிந்து வெயில் ஏறியதும் போய்விடுகிற உறைபனிதான். சறுக்க அதில் ஒன்றுமில்லை. பனிச்சறுக்கில் எனக்குள்ள பயிற்சி, குல்மார்க்கில் ஒரு குளிர்காலத்துப் பதினைந்து நாள். மீதி வெள்ளகெவி இறக்கத்தில் கிடைத்தது என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் வெளியூர்க்காரர்கள் பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றுவார்கள். பயம் உடம்பை மலைப்பக்கம் இழுக்கிறது. சரளை வழுக்குவது அப்போதுதான். சுமையோடு இறங்கும் ஊர்க்காரர் முழங்கால் மடங்க, நெஞ்சைப் பள்ளத்துக்குக் கொடுத்துச் சின்ன அடி வைக்கிறார். ஸ்கீயிலும் இதுவே. பின்னால் சாய்ந்தால் கட்டையின் முன்பாகத்தில் பாரம் இருக்காது, திருப்ப முடியாது. திரும்புகையில் பாரம் வெளிப்பக்கக் காலில். சொல்ல இவ்வளவுதான். ஆனால் முன்னால் சாய்ந்திருப்பதாகவே உடம்பு நமக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆகவே பிறர் கண் வேண்டியிருக்கிறது. குல்மார்க் பயிற்றுநர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே வார்த்தைதான் தருவார். எனக்குக் கிடைத்தது 'ஹாத்'. கை இடுப்புக்குப் பின்னால் போனால் பாரமும் பின்னால் போகும். அதே மேடு, அதே திருப்பம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஹாத். வேறெதையும் அவர் தொடவில்லை.

1993இல் ஆண்டர்ஸ் எரிக்ஸன் இரு சகாக்களோடு பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் பத்தாயிரம் மணி நேரம் என்று சுருக்கிவிட்டார்கள். அவர் அழுத்தியது வேறிடத்தில்: குறை இன்னதென்று கண்டு, அதை மட்டும் எடுத்துச் செய்து, சரியா என்று உடனே தெரிந்துகொள்வது. (மணிக்கணக்கு யாருக்கும் வாய்க்கும். நம்மில் சிலர் நாற்பது வருஷமாக எழுதுகிறார்கள்.)

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கிற்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் காஷ்மீரத்து ஆரிஃப் கான். ஜயண்ட் ஸ்லாலமில் 45ஆவது இடம். ஸ்லாலமில் ஓட்டம் முடியவில்லை. ஒரு வாயிலைத் தவறவிட்டால் கணக்கில் கிடையாது. திருப்பம் நயமாக இருந்தது என்று யாரும் மார்க் போடுவதில்லை.

நம் கூட்டங்களில் வாயில் எதுவும் நடப்பட்டிருப்பதில்லை. கொடைக்கானல் போகிறவர்கள் கடந்துபோகும் வத்தலக்குண்டின் மனிதர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' ஆரம்பித்து, அலசல் என்று படைப்பின் இன்ன இடம் என விரல் வைத்துக் காட்டினார். ரசனை போதாதா என்றவர்கள் இருந்தார்கள். 'வாடிவாசல்' எழுதியவருக்குத் திமில்மேல் விழும் கை எங்கே இருக்கவேண்டும் என்பது தெரியும். விமர்சனத்திலும் அதையேதான் கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் பதினோரு வருஷம் என் கவிதைகளைப் படித்துக் காட்டி வந்தேன். பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்பார். "தம்பி, கடைசி வரி" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். எடுத்துவிட்டு மறுவாரம் போனால், சில சமயம் தலையாட்டுவார். பல சமயம் இப்போது கடைசியாகிவிட்ட வரியையும் அதே குரலில் சொல்வார். போன தையில் அவர் போய்விட்டார்.

இப்போது வருகிற கடிதங்களில் 'அருமை' என்றிருக்கிறது. பதினேழு கவிதைகள் நோட்டில் கிடக்கின்றன. படித்துக் காட்ட ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் அரைநாள் போகிற தூரத்தில் இருந்தாலும் சரி.