பிராகில் கேட்ட ஊர்வம்பு

அன்புள்ள கோமதி,

"ஊர் எப்படி இருந்தது?"ன்னு வாட்ஸ்அப்பில் ஒத்தை வரி போட்டிருந்தே. கட்டைவிரலால தட்டித் தீர்ற விஷயமாடி இது? காபியைப் போட்டுக்கிட்டு உட்கார்.

பிராக் சரியான வம்புக்கார ஊர். கல்லுக்கு ஒரு கதை, அதுல பாதி புளுகு. இவருக்கு ரிட்டையர் ஆகியும் ஆடிட்டர் புத்தி போகலை. நான் கதை கேட்டு வாயைப் பிளந்தா, பக்கத்துல நின்னு கையேட்டைப் புரட்டி "ஆதாரம் இல்லை"ன்னு தள்ளுபடி பண்ணிட்டே வந்தார்.

பழைய டவுன் ஹால் சுவர்ல 1410-ல வச்ச வானியல் கடிகாரம் இருக்கு. மணிக்கு மணி ஒரு எலும்புக்கூடு கயித்தை இழுத்து மணியடிக்கும். மேலே ரெண்டு ஜன்னல் திறந்து பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் எட்டிப் பார்த்துட்டுப் போவாங்க. எமன் கூப்பிட்டதுக்குப் பக்கத்து பொம்மைகள் 'வரமாட்டோம்'னு தலையாட்டும். கடைசியில சேவல் கூவும். ஒரு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுடும், அதுக்கு அத்தனை கூட்டம்! இதைச் செஞ்ச ஹனுஷ் வேற ஊருக்கும் செஞ்சு கொடுத்துடக் கூடாதுன்னு அவன் கண்ணைக் குருடாக்கிட்டாங்களாம். எனக்கு மனசே ஆறலை. இவரோ, "செஞ்சவர் கடான் ஊர் மிக்குலாஷ். கண்ணெல்லாம் நல்லாத்தான் இருந்தது"ன்னுட்டார்.

சார்லஸ் பாலத்துக்கு அடிக்கல் நாட்ட நாலாம் சார்லஸ் மன்னர் ஜோசியரைக் கேட்டாராம். 1357, ஜூலை 9, விடிகாலை 5:31! நம்மூரை மிஞ்சின முகூர்த்தம். உங்க செட்டிநாட்டு வீட்டுச் சுவர் மாதிரி இங்கேயும் சாந்துல முட்டை கலந்தாங்கன்னு பேச்சு. நாடு முழுக்க முட்டை கேட்டாங்களாம். வெல்வரி ஊர்க்காரங்க வழியில உடையாம இருக்கட்டும்னு வேகவச்சு அனுப்பிட்டாங்களாம்! இவர் ஆதாரம் தேடுறதுக்குள்ள நான் அடுத்த சிலைக்குப் போயிட்டேன்.

அங்கே நின்னவர் நெபொமுக் யோவான், பாதிரியார். ராணி பாவமன்னிப்புல சொன்னதை ராஜா எவ்வளவு மிரட்டியும் சொல்லலை, அதான் 1393-ல ஆத்துல தள்ளிட்டாங்கன்னு கதை. இவர் கணக்குல அது மடத்துக்கு யாரைத் தலைவராக்குறதுங்கிற சண்டை. எதுவானா என்ன, வாயை மூடிக்கிட்டவரைத்தான் இந்த ஊர் தண்ணியில தூக்கிப் போட்டிருக்கு. நாம பிழைச்சோம்டி.

கோட்டையில தேவாலயத்தைச் சும்மா அண்ணாந்து பார்த்துட்டு வந்தேன். 1344-ல தொடங்கி 1929-ல முடிச்சாங்களாம். நம்ம வீட்டு மாடி எவ்வளவோ மேல்! நான் தேடிப் போனது ஒரு ஜன்னலை. 1618-ல புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், மன்னரோட அதிகாரிகள் ரெண்டு பேரையும் ஒரு எழுத்தரையும் அது வழியா வெளியே எறிஞ்சாங்க. மூணு பேரும் பிழைச்சுட்டாங்க. மாதா தாங்கினாள்னு கத்தோலிக்கர்கள், குப்பைமேடு தாங்கிச்சுன்னு எதிராளிகள். முப்பதாண்டுப் போர் மூண்டது இதுலதான். அந்த எழுத்தருக்கு மன்னர் அப்புறம் பிரபு பட்டம் கொடுத்தார். பட்டப்பேரே என்ன தெரியுமா? 'உயரத்திலிருந்து விழுந்தவர்'ங்கிற அர்த்தத்துல! இதுக்கு மட்டும் ஆடிட்டர் வாயே திறக்கலை.

"இந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"னு ஒரு நாள் அலுத்துக்கிட்டார். கமில் சுவலபில் 1927-ல பிறந்தது இங்கேதான், இங்கே உட்கார்ந்துதான் தமிழ் படிச்சார், சங்கப் பாட்டுலேர்ந்து சித்தர் பாட்டு வரைக்கும் எழுதினார்னேன். ஆதாரம் கேட்டார். நம்ம வீட்டு அலமாரியிலேயே இருக்குன்னேன்.

சாப்பாடுதான் பாடு. சைவம்னா பொரிச்ச சீஸ், மறுநாளும் பொரிச்ச சீஸ். பல கடையில தண்ணியை விட பீர் மலிவு. இவர் சிக்கனம் கருதிக் குடிச்சாராம்!

கூட வந்த கோயம்புத்தூர் ஜோடி கதையையும் கேள். பேருந்துல ஏறினதுலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. "அவரைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க"ன்னு புருஷனைக் காட்டி அந்தம்மா என்கிட்ட சொல்லிட்டு செல்ஃபி எடுக்குறா! காரணத்தையும் விசாரிச்சுட்டேன், நேர்ல சொல்றேன். உங்க அண்ணிகிட்ட மட்டும் வாயைத் திறக்காதே, அவங்களுக்கு ஏதோ உறவாம்.

நீங்க ரெண்டு பேரும் போனா, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி விடிகாலையில பாலத்துக்குப் போயிடுங்க. சதுக்கத்துல சுருட்டிச் சுட்டு சர்க்கரை தூவித் தர்ற ட்ர்டெல்னிக்கை 'பாரம்பரியப் பலகாரம்'னு விப்பாங்க. ஊரே அதைத் தின்ன ஆரம்பிச்சது சமீபத்துலதான், வாங்காதே. ஷெங்கன் விசாவுக்கு இப்பவே தேதி பிடி.

உன்
வசந்தா