வீடாக இருந்த பெட்டி

காங்கேசன்துறை வீதியால் வந்து மருதனார்மடத்தில் இறங்கினால் உடுவில் பக்கந்தான். செம்மண் தோட்டங்கள், வெங்காயம், புகையிலை. சந்தைக்கு மரக்கறி ஏற்றிவரும் லான்ட்மாஸ்ரர்ப் பெட்டியைக் கண்டால் எங்கள் அம்மாமாருக்கு 1995 ஒக்டோபர் 30 நினைவு வரும்.

அன்றிரவு வலிகாமமே செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தது. பெட்டி கிடைத்த குடும்பத்துக்கு அதுவே வீடு. எதை ஏற்றுவது, எதை விடுவது? இருபது லீற்றர்க் கான் நிரம்பினால் இருபது கிலோ. தண்ணீரை விட்டு உடுப்பை ஏற்றியவர்கள், வழியில் குடையை மலர்த்தி மழைநீர் ஏந்திக் குடித்தார்கள். அடுப்புக்கு மூன்று கல் எங்கும் கிடைக்கும். பானையும் அரிசியும் நெருப்புப்பெட்டியும் கிடைக்காது.

வெளிச்சத்துக்கு, தடைக்காலம் கற்பித்த ஜாம்போத்தல் விளக்கு. அடியில் பஞ்சு, அதில் ஊறக் கொஞ்சம் மண்ணெண்ணெய், நூல்திரி. போத்தல் கண்ணாடியே காற்றை மறைக்கும். எண்ணெய் பஞ்சில் நிற்பதால் இலேசில் ஊற்றுப்படாது. பற்றரிக்கும் தடை, சைக்கிள் சில்லைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். சில்லைச் சுற்றிய கைகளைப் பற்றி யார் எழுதினார்கள்?

1996இல் பலர் திரும்பினார்கள். நான் சந்தித்த அம்மா ஒருவர் இன்றும் குசினி மூலையில் ஒரு கானை நிரப்பியே வைத்திருக்கிறார். கிணறு முற்றத்தில்தான் இருக்கிறது. கிழமைக்கொருதரம் பழைய தண்ணீரைக் கத்தரிக்கன்றுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாய் நிரப்புகிறார்.